பிடிபி-8/ஈ கோர் நினைவகம்: ஒன்பது ஆண்டுப் பழக்கத்தில்

எத்தனை மாத இடைவெளிக்குப் பின் இயக்கினாலும், என் பிடிபி-8/ஈ கணினியில் நான் முதலில் செய்யும் வேலை ஒன்றுதான். முன்பலகைச் சுவிட்சுகளில், எட்டின் அடிமானத்தில், 7756 என்ற முகவரியை இட்டு, அங்கே இருப்பதைப் பார்ப்பேன். விளக்குகள் 6032 என்று காட்டினால், காகித நாடாவைப் படிக்க உதவும் 17 சொற்கள் (ஒரு முகவரியில் இருக்கும் எண்ணைத்தான் ‘சொல்’ என்கிறோம்) கொண்ட ‘ரிம் லோடர்’ என்ற சிறு நிரல் நான் விட்டுச் சென்றபடியே இருக்கிறது என்று பொருள். மின்கலமோ வட்டோ இல்லாமல் இது நிகழ்வதுதான் கோர் நினைவகத்தின் முதல் சிறப்பு. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் எனக்கு இது சலிக்கவில்லை.

டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் 1970-இல் வெளியிட்ட இந்தக் கணினியின் அடிப்படை நினைவகம் 12 பிட் கொண்ட 4096 சொற்கள். பிட்டுக்கு ஒன்றாக மொத்தம் 49,152 ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையங்கள். ‘கோர்’ என்பது இந்த வளையம்தான்; அதன் காந்தத் திசை ஒரு பக்கம் என்றால் 1, மறுபக்கம் என்றால் 0. கடுகில் பாதிகூட இராத அந்த வளையங்களைக் கம்பிகளில் கோத்து, 64-க்கு 64 என்ற கட்டமாகப் பிட்டுக்கு ஒரு பாய் நெய்திருக்கிறார்கள். பாய் என்றே அதைச் சொல்லலாம். நெடுக்கில் ஒரு கம்பியிலும் குறுக்கில் ஒரு கம்பியிலும் பாதிப் பாதி மின்னோட்டத்தைச் செலுத்தினால், இரண்டும் சந்திக்கும் வளையம் மட்டுமே காந்தத் திசை மாறும். மற்றவை பாதி மின்னோட்டத்துக்கு அசையாது. இந்த முறையை எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டர் குழுவினர் வேர்ல்விண்ட் கணினியில் 1953-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தனர். படித்ததை உடனே திரும்ப எழுதிவைக்கும் உத்தி அதற்கும் முன்னால் ஆன் வாங் கண்டது.

திரும்ப எழுதுவது ஏன் என்றால், இங்கே படிப்பது என்பதே அழிப்பது. ஒரு சொல்லைப் படிக்க அதன் 12 வளையங்களையும் 0-க்குத் தள்ளுகிறார்கள்; திசை மாறிய வளையம் கம்பியில் ஒரு சிறு துடிப்பை எழுப்பினால் அது 1 ஆக இருந்தது என்று தெரியும். அடுத்து எல்லாவற்றையும் 1 ஆக்க முயன்று, 0 ஆக இருக்க வேண்டியவற்றை மட்டும் எதிர் மின்னோட்டத்தால் தடுக்கிறார்கள். அழித்து எழுதும் இந்தச் சுற்று முழுவதும் 1.2 முதல் 1.4 மைக்ரோவினாடிக்குள் முடிந்துவிடுகிறது.

இதைப் படித்து அறிந்திருந்தேனே தவிர, உணர்ந்தது நான்காம் ஆண்டில்தான். நினைவகத்தின் மூன்று அட்டைகளையும் கழற்றித் தூசி தட்டி மாட்டிய மறுநாள் 7756-ஐப் பார்த்தேன். 6032 சரியாக வந்தது. ஏதோ ஐயத்தில் அதே முகவரியை மறுபடி பார்த்தபோது 6072 என்று வந்தது. அடுத்தடுத்த முகவரிகளிலும் முதல் பார்வையில் சரியாக இருந்தது மறு பார்வையில் மாறியிருந்தது. எட்டின் அடிமானத்தில் ஓர் இலக்கம் மூன்று பிட்; அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் இடமிருந்து ஏழாவது பிட்தான் 0-இலிருந்து 1 ஆனது. படிக்கும் மின்சுற்று நன்றாக இருக்கிறது, தடுக்கும் மின்னோட்டம் மட்டும் அந்தப் பிட்டுக்குப் போகவில்லை என்று புரிவதற்குள், ஆர்வத்தில் ஏறக்குறைய முப்பது முகவரிகளை நானே பார்த்துப் பார்த்துக் கெடுத்திருந்தேன். அட்டைகளின் தலைப்பகுதியை இணைக்கும் இணைப்பியை நான் கோணலாக அழுத்தியிருந்ததுதான் காரணம். மின்சாரத்தை நிறுத்தி, தொடுமுனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டியதும் சரியாயிற்று.

ஒன்பது ஆண்டுகளில் என்னிடம் ஒரு வளையம்கூடக் கெட்டதில்லை. கெட்டவை எல்லாம் வளையங்களைச் சுற்றியிருப்பவை: இணைப்பி, ஒரு டிரான்சிஸ்டர், மின்வழங்கியில் இரண்டு மின்தேக்கிகள். வெப்பம் மட்டும் வளையங்களையே தொடும் விஷயம். சூடேறினால் ஃபெரைட் எளிதில் திசை மாறும் என்பதால் மின்னோட்டத்தைக் குறைத்தாக வேண்டும். அதற்கான ஏற்பாடு மின்சுற்றிலேயே இருந்தாலும், கணினியை அரைமணி நேரம் ஓடவிட்ட பிறகே நான் நினைவகச் சோதனைகளை நடத்துகிறேன். குளிர்ந்த நிலையில் தேறியது சூட்டில் தவறுவதுண்டு. படித்த சொல் திரும்ப எழுதப்படுமுன் மின்சாரம் போய்விடக் கூடாது என்று, அணைக்கும் முன் ஓடும் நிரலை நிறுத்திவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

அருகில் ஒரு ஏஎம் வானொலியை வைத்தால் நிரல் ஓடுவது இரைச்சலாகக் கேட்கும். நிரலின் மடக்கு (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எங்கே சுற்றுகிறது என்பதை அதன் சுருதியைக் கொண்டே சொல்லிவிடலாம். பிழைதிருத்தத்துக்கு இது உதவும் என்று முதலில் நான் நம்பவில்லை.

இதே 1970-இல் வெளிவந்த இன்டெல் 1103 நினைவகச் சில்லு, மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மின்சாரம் இருக்கும்போதும் இடைவிடாமல் புதுப்பித்தாக வேண்டும். ஆனாலும் விலையில் அதுதான் வென்றது. கம்பி கோப்பது பெரும்பாலும் பெண்களின் கைவேலையாக இருந்ததால் கோரின் விலை ஓர் எல்லைக்குக் கீழே இறங்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: கண்ணாடிச் சட்டத்தில் அழகுக்காக விற்கப்படும் தனிப் பாய்களைத் தவிர்த்துவிடுங்கள்; அவற்றில் சில, இயங்கக்கூடிய நினைவகத்தை அறுத்து எடுத்தவை. மூன்று அட்டைகளும் தலை இணைப்பிகளும் சேர்ந்து வருகின்றனவா என்று கேளுங்கள். பாய்மேல் உள்ள மூடியைத் திறந்து படம் அனுப்பச் சொல்லாதீர்கள். அறுந்த கம்பியை மீண்டும் கோக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.