வளைகாப்புக்குத் தைத்துக் கொடுக்க ஈரோடு கனி ஜவுளி மார்க்கெட்டில் துணி வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பச்சைக் குழந்தைக்குத் தைக்கிற துணி என்றால் நான் முதலில் போவது அங்கேதான். வளைகாப்புக்குப் பெயர் பொறித்த கோப்பை, அலங்காரத் தட்டு என்று என்னென்னவோ கொடுக்கிறார்கள், ஆனால் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தவளுக்கு முதல் 40 நாளில் ராத்திரி பகலாக வேண்டியது மெத்தென்ற துணி, அதுவும் எத்தனை இருந்தாலும் போதாது. கையால் செய்து கொடுக்க ஆசைப்படுகிறவர்கள் பாசிமணி, சரிகை, பொம்மை பக்கம் போகாமல் முதலில் நல்ல துணி தேடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மார்க்கெட் பன்னீர்செல்வம் பூங்கா பக்கத்தில் இருக்கிறது. திங்கள் சாயங்காலம் தொடங்கி செவ்வாய் வரை வாரச்சந்தை. கேரளா, கர்நாடகா, ஆந்திராவிலிருந்து வியாபாரிகள் வந்து மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போகிற நேரம் அது, அந்த நெரிசலில் போய் ரெண்டு மீட்டர் கேட்டால் யாரும் நின்று பதில் சொல்ல முடியாது. நம்மைப் போலச் சில்லறையாக வாங்குகிறவர்கள் மற்ற நாட்களில் தினசரிக் கடைகளுக்குப் போவதுதான் நல்லது, அப்போது நிதானமாகப் பிரித்துக் காட்டுவார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அந்தப் பக்கமே வேண்டாம். விலை கடைக்குக் கடை மாறும், நாலு கடை விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கேட்க வேண்டியது வெள்ளை மல் துணி, அதாவது மெல்லிசான, மெத்தென்ற பருத்தித் துணி. காடா துணியும் காட்டுவார்கள், அது வெளுக்காதது, கஞ்சி ஏறியிருக்கும், தொட்டால் சொரசொரவென்று இருக்கும். ராத்திரி முழுக்க ஊறவைத்து நாலைந்து தடவை அலசினால் இளகிவிடும், அடியில் விரிக்கவும் பை தைக்கவும் அருமையான துணி, ஆனால் குழந்தை உடம்பில் படுவதற்கு மல்தான். ஆன்லைனில் ஒரு கடையில் 'சுத்தப் பருத்தி' என்று போட்டிருந்த துணியை வாங்கினேன், ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தால் உருகி மணி மாதிரி கெட்டியாகிவிட்டது, அதாவது பாலியஸ்டர். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். நேரில் வாங்குவதில் உள்ள பெரிய வசதியே இதுதான், துண்டுத் துணி கேட்டு வாங்கி, வெளியே வந்து சோதித்துவிட்டு, அப்புறம் மொத்தமாக வாங்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் துவைத்துக் காயவைத்த பிறகுதான் கத்தரிக்க வேண்டும், பருத்தி சுருங்கும். ஜபலா, அதாவது கைக்குழந்தைக்கான சின்னச் சட்டை, தைக்கிறவர்கள் தலை வழியாகப் போடுகிற மாதிரி தைக்காதீர்கள், பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. முன்பக்கம் திறந்து, ஒரு பக்கம் மேலே மற்றது படிய, விலாப் பக்கமாக நாடா கட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். தொப்புள்கொடி விழ ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும், அதுவரை முடிச்சு அந்த இடத்தில் அழுத்தக் கூடாது. நாடாவும் அதே மல் துணியில், முடிச்சுப் போடப் போதுமான நீளத்துக்கு மட்டும். கழுத்தில் கயிறு, பட்டன், மணி எதுவும் வேண்டாம். தையல் ஓரம் உடம்பில் உரசாமல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி வைத்து மடித்து அடித்துவிட்டால் பார்க்கவும் அழகாக இருக்கும், குழந்தைக்கும் உறுத்தாது.

பின்னலாடைத் துணிதான் வேண்டும் என்றால் திருப்பூர் காதர்பேட்டைக்குப் போங்கள், குல்லாவுக்கும் காலுறைக்கும் இழுத்தால் விரிகிற பனியன் துணி பொருத்தம்.

இன்னொரு விஷயம். பிறக்கும் முன்னே குழந்தைக்கு எதுவும் வாங்கக் கூடாது என்று நினைக்கிற வீடுகள் நம்மிடம் நிறைய, அதை மதிக்க வேண்டும். நான் வளைகாப்பு அன்றைக்குத் தாய்க்கு உரியதை மட்டும் கொடுப்பேன், குழந்தைத் துணிகளைத் தைத்து வைத்திருந்து பிறந்த பிறகு கொண்டுபோய்க் கொடுப்பேன். தாய்க்கு என்ன கொடுப்பது? இதே மார்க்கெட்டில் நல்ல பருத்தி நைட்டித் துணி கிடைக்கிறது, இரண்டு பக்கமும் ஜிப் வைத்து, பால் கொடுக்க வசதியாகத் தைக்கலாம். ஜிப்பின் உள்பக்கம் ஒரு துணிப் பட்டை வைத்துத் தையுங்கள், இல்லாவிட்டால் மார்பில் குத்தும். கூடவே சென்னிமலைப் போர்வை ஒன்று வைத்தால் நிறைவாக இருக்கும். எல்லோரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் அவளுக்கென்று ஒருவர் உட்கார்ந்து தைத்தது கையில் இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள் தெரியுமா!

தலையணை மட்டும் தைத்துக் கொடுக்காதீர்கள், கடுகுத் தலையணையானாலும் சரி, இலவம்பஞ்சானாலும் சரி. ஒரு வயது வரை தூங்கும் இடத்தில் தலையணையும் மெத்தென்ற பொம்மையும் கூடாது, மூச்சடைக்கும் அபாயம் உண்டு என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. மீதித் துணி இருந்தால் ஒரு மீட்டர் சதுரமாக வெட்டி ஓரம் அடித்துக் கொடுங்கள், போர்த்த, துவட்ட, மடியில் விரிக்க என்று எல்லாவற்றுக்கும் ஆகும்.