முழுக்கைப் பிடியா, இரண்டு விரல் இழுவையா?

கிளிநொச்சியில் வீட்டுக்கு மாடு வந்த புதிதில் எனக்குப் பால் கறக்கப் பழக்க இரண்டு வாத்திமார். அம்மம்மா இரண்டு விரலால் உருவுவா. பக்கத்து வீட்டு அண்ணை முழுக்கையால் பிழிவார்.

அண்ணையின் முறையில் பெருவிரலும் சுட்டுவிரலும் மடியோடு ஒட்டிய இடத்தில் காம்பைப் பூட்டும். காம்புக்குள் இறங்கின பால் மேலே திரும்ப ஏலாது. பிறகு மற்ற விரல்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாய் மடங்கும். இழுக்கவே தேவையில்லை, காம்பும் புண்ணாகாது. முதல் கிழமை முன்கை விண்விண்ணென்று வலிக்கும் (எனக்குச் சோற்றுக் கோப்பை பிடிக்கவே கஷ்டம்).

உருவுவது பழக லேசு. ஆனால் ஒவ்வொரு இழுவைக்கும் தோல் உரசுப்படும், மாடு காலைத் தூக்கும். அதற்காக அம்மம்மாவைப் பிழை சொல்லவும் முடியாது. தலையீற்று நாட்டு மாட்டின் குட்டைக் காம்பில் நாலு விரலை எங்கே வைப்பது? மடியில் மிஞ்சிய கடைசிப் பாலுக்கும் அவவின் முறைதான் சரி. பெருவிரலை மடக்கி மொளியால் (விரல் மூட்டால்) அழுத்துவது மட்டும் வேண்டாம், காம்பின் உட்புறம் நசியும்.

கண்டை ஊட்டவிட்டுச் சுரந்ததும் 5, 6 நிமிசத்துக்குள் கறந்துவிட வேண்டும். பிந்தினால் சுரப்பு அடங்கிவிடும். புதுக்கை உருவிக்கொண்டிருந்தால் அதற்குள் பாதிதான் வரும். ஆகவே நான் அண்ணையின் கட்சி. முதல் பீச்சலை மட்டும் சிரட்டையில் பிடித்து, திரி (பால் திரண்ட கட்டி) இருக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கோ. இருந்தால் மடிநோய்.