ஏ.பி.சி. பவுடர் சிலிண்டர்: தீயை அணைக்கும், லேத்தைத் துருப்பிடிக்க வைக்கும்

கார் ஷெட்டின் ஒரு பாதியில் பட்டறை போட்டிருக்கும் நண்பர் கேட்டது இதுதான்: "ஏ.பி.சி. சிலிண்டர் 4 கிலோ போதுமா, 6 கிலோவா போட்டுடலாமா?" என் தீயணைப்பான் சிலிண்டரின் ரீஃபில் பில் மேஜையில் கிடக்கும் நேரத்தில் கேட்டுவிட்டார். பதிலில் கொஞ்சம் காரம் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். 15683 என்ற தர எண், உள்ளே நைட்ரஜன், கேஜின் பச்சைப் பட்டையில் முள் எல்லாம் லேபிளிலேயே இருக்கிறது, விட்டுவிடுகிறேன். கேள்விக்குப் பதிலும் சுருக்கம்தான். ஒரு கார் நிற்கிற இடத்துக்கு 4 கிலோ. 6 கிலோ சிலிண்டர் இரும்பு, வால்வு எல்லாம் சேர்த்து 9, 10 கிலோவுக்கு வந்துவிடும். பதற்றத்தில் ஒரு கையில் அதைத் தூக்கிக்கொண்டு மறு கையில் ஹோஸைப் பிடித்து அடிக்க வீட்டில் எல்லோராலும் ஆகாது. 4 கிலோ கால் நிமிஷத்துக்குள் காலியாகிவிடும். அதற்குள் தீ அடங்காவிட்டால் சிலிண்டரைப் போட்டுவிட்டு வெளியே வந்து 101-க்கோ 112-க்கோ போன் அடிக்க வேண்டியதுதான்.

பாராட்ட வேண்டியதை முதலிலேயே பாராட்டிவிடுகிறேன். பட்டறைத் தீ கலப்படமானது. தரையில் மரச்சீவல், பெஞ்சில் தின்னர், அதற்கு மேலே கிரைண்டர் ஒயர். சீவலுக்குத் தண்ணீர் போதும், ஆனால் தின்னரிலும் கரண்டிலும் அதை ஊற்ற முடியாது. சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர் அந்த இரண்டுக்கும் நன்றாகக் கேட்கும், சீவலில் மட்டும் மேல் ஜுவாலை அணைந்து உள்ளே கங்கு அப்படியே இருக்கும், கொஞ்ச நேரத்தில் திரும்பப் பிடிக்கும். மூன்றையும் ஒரே சிலிண்டரில், கைக்கு எட்டும் விலையில் சமாளிப்பது ஏ.பி.சி. பவுடர்தான். அதன் முக்கியச் சரக்கு மோனோ அம்மோனியம் பாஸ்பேட். ஜுவாலைக்குள் போனதும் எரிதலின் வேதிச் சங்கிலியை அறுக்கிறது. 190 டிகிரி வாக்கில் உருகி, கங்கின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு காற்றை மறிக்கிறது. தரையில் சிந்தி எரிகிற தின்னர் மீது சரியாக வீசினால் சில நொடிகளில் தீ அடங்கிவிடும். அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. அமெரிக்க வீடியோ பார்த்து வாங்குகிறவர்கள் 'சி' என்றால் மின்சாரத் தீ என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்திய லேபிளில் 'ஏ' என்பது மரம், துணி மாதிரி திடப்பொருள் தீ, 'பி' என்பது எண்ணெய், தின்னர் மாதிரி திரவத் தீ, 'சி' என்பது எல்.பி.ஜி. மாதிரி வாயுத் தீ. மின்சாரச் சாதனத்தின் மீது அடிக்கலாமா, எத்தனை வோல்ட் வரை, எவ்வளவு தள்ளி நின்று என்பதைத் தனியாக எழுதியிருப்பார்கள். அந்த வரியைப் படிக்காமல் மாட்டக் கூடாது.

இனி வயிற்றெரிச்சல்.

தீ அணைந்த பிறகுதான் இந்தப் பவுடரின் உண்மையான குணம் தெரியும். மாவைவிட நைஸான தூள் ஷெட் முழுக்கப் பறந்து, ஐந்து நிமிஷம் கழித்தும் இறங்கிக்கொண்டே இருக்கும். அடிக்கும்போதே எதிரில் இருப்பது தெரியாது. பிரிட்டனின் பி.எஸ். 5306-8 விதி மூடிய அறைக்குள் பவுடர் வேண்டாம், தவிர்க்க முடியாவிட்டால் ஆபத்தை மதிப்பிட்டுவிட்டு வையுங்கள் என்று சொல்வதற்கு இந்தக் கண்மறைப்பும் மூச்சுத் திணறலும்தான் காரணம். கதவு எப்போதும் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்பது இந்தச் சிலிண்டருக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

அதைவிடப் பெரிய சேதம் மெதுவாக வரும். மோனோ அம்மோனியம் பாஸ்பேட் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலத்தன்மை காட்டும். மழைக்கால ஷெட்டில் காற்றில் இருக்கும் ஈரமே போதும். லேத் எனும் கடைசல் மெஷினின் பெட்டில் (அடித்தளத்தில்) பெயின்ட் இல்லாத இரும்பு, டிரில்லிங் மெஷின் தூண், வைஸின் தாடை, ஸ்குயர், கேலிபர் எல்லாம் மறுநாளோ அதற்கு மறுநாளோ பழுப்புப் புள்ளி காட்டத் தொடங்கும். செம்பு கான்டாக்ட் பச்சை பிடிக்கும். தீ ஒரு மூலையில் ஒரு டப்பாவையும் ஒரு பலகையையும்தான் தின்றிருக்கும், பவுடர் ஷெட்டில் இருக்கிற எல்லா மெஷினையும் தொட்டிருக்கும். என் ஓயாத புகார் இதுதான். விற்கிறவர் யாரும் இதைச் சொல்வதில்லை.

சுத்தம் செய்வதற்கு ஒரு வரிசை உண்டு. அது மாறினால் சேதம் கூடும். முதலில் மெயினை ஆஃப் செய்ய வேண்டும். எந்த மெஷினையும் "ஓடுதா பார்ப்போம்" என்று போடக் கூடாது. ஃபேன் வைத்த வெல்டிங் இன்வெர்டரும், மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி.யும் ஓடினால் பவுடரை உறிஞ்சி போர்டு மேல் அப்பிக்கொள்ளும். என்95 மாஸ்க், கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு காய்ந்த நிலையிலேயே பிரஷ்ஷால் தள்ளி அள்ள வேண்டும். தண்ணீரை முதலில் ஊற்றினால் பசையாகி இடுக்கெல்லாம் இறங்கிவிடும். வீட்டு வாக்யூம் கிளீனர் கூடவே கூடாது. தூள் ஃபில்டரைத் தாண்டி மோட்டாருக்குள் போகும், மிச்சம் திரும்ப அறைக்குள்ளேயே வரும். மிக நைஸான தூளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளது இருந்தால் மட்டும் பயன்படுத்தலாம். ஏர் கம்ப்ரஸரை ஷெட்டுக்குள் திறந்து ஊதவும் வேண்டாம், கையால் தூக்க முடிகிற சாமானை வெளியே எடுத்துப் போய் ஊதலாம்.

அள்ளி முடித்த பிறகுதான் ஈர வேலை. பவுடரில் கட்டி பிடிக்காமலிருக்க சிலிகோன் சேர்த்திருப்பார்கள், அதனால் வெறும் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் வெதுவெதுப்பான தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்தால் விட்டுக்கொடுக்கும் (அதுவும் தீப்பற்றும் திரவம், மெயின் ஆஃபிலேயே இருக்கட்டும்). அடுத்து சமையல் சோடா கரைத்த தண்ணீரால் ஒரு துடைப்பு, அமிலத்தை அது முறிக்கும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த துணி, காய்ந்த துணி, கடைசியில் மெஷின் ஆயில். ஒரே நாளில் இவ்வளவும் முடியாது என்றால் வெறும் இரும்பு தெரிகிற பரப்புகளையாவது அன்றைக்கே முடித்துவிட வேண்டும், மர சாமான் காத்திருக்கும். தீ பிடித்த இடத்தில் உருகி இறுகிய பாஸ்பேட் கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கும். ஊறவைத்து மரச் சீவுகோலால் எடுக்கலாம்.

லேத்தில் பெட்டின் மேல் நகரும் கேரியேஜின் இருபுறமும் இருக்கும் ஃபெல்ட் (கம்பளிப் பட்டை) வைப்பர்தான் எமன். எண்ணெயில் ஊறிய ஃபெல்ட் பவுடரை உள்ளிழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நகர்விலும் பெட்டின் மேல் பூசிவிடும். கழற்றிப் புதிதாகப் போடுவது தவிர வழியில்லை. ஆங்கிள் கிரைண்டர், டிரில் மோட்டார்களில் பேரிங் 'இசட்இசட்' வகை என்றால் அந்தத் தகடு மூடி நைஸ் தூளை நிறுத்தாது. கரகரப்பு கேட்டால் ரப்பர் சீல் உள்ள '2ஆர்எஸ்' வகையில் அதே நம்பரை வாங்கிப் போடலாம். கிரைண்டர் மாதிரி அதிவேக மெஷினில் ஆர்.பி.எம். அளவைப் பார்த்து வாங்க வேண்டும்.

அடிக்கும் முறையிலும் பவுடருக்கு ஒரு கோணல் உண்டு. பின்னைப் பிடுங்கி, தீயின் அடியைக் குறிவைத்து, அழுத்தி, இடவலமாக வீசுவது எல்லோருக்கும் தெரியும். மரத்தூள் குவியலில் கிட்டப் போய் அழுத்தினால் 15 பார் அழுத்தம் எரிகிற தூளைக் கிளப்பி ஷெட் முழுக்கத் தூவிவிடும். திறந்த டப்பாவில் எரியும் தின்னரும் அப்படியே தெறிக்கும். இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளி நின்று தொடங்கி, ஜுவாலை தணியத் தணிய நெருங்குவதே முறை. சீவலில் அணைந்த பிறகும் மண்வெட்டியால் பிரித்து, தண்ணீர் தெளித்து, கங்கு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கார்ட்லெஸ் டூலின் லித்தியம் பேட்டரியில் இந்தப் பவுடர் வெளி ஜுவாலையை மட்டும்தான் அடக்கும். உள்ளே செல்லுக்குச் செல் பரவும் சூட்டைக் குறைக்காது. அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். சார்ஜரை மரப் பெஞ்சில் வைக்காமல் டைல்ஸ் மேல், சீவலுக்கு எட்டாத தூரத்தில் வைப்பது சுலபம்.

கேஜ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சையில் முள் நின்றால் சிலிண்டர் தயார் என்று நம்புகிறார்கள். முள் சொல்வது நைட்ரஜன் அழுத்தத்தை மட்டும். கம்ப்ரஸர் அதிரும் சுவரில் மாட்டியிருந்தால் பவுடர் அடியில் போய் இறுகிவிடும். சிலிண்டரை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்துக் காதருகே வைத்தால் உள்ளே சரசரவென்று சரியும் ஓசை கேட்க வேண்டும். ஒன்றும் நகராவிட்டால் கட்டி தட்டியிருக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒரு முறை இதையும், தொங்கு தராசில் எடையையும் பார்த்தால் போதும். "பின்னைக் கழற்றி ஒரு நொடி அடித்துப் பார்க்கிறேன்" என்பது மட்டும் வேண்டாம். வால்வு சீட்டில் தூள் சிக்கிக்கொண்டு கேஸ் கசியும், காலையில் முள் சிவப்பில் நிற்கும். ஒரு நொடி அடித்தாலும் முழு ரீஃபில்தான்.

ரீஃபில் கடைகளில் நேர்மையானவை உண்டு. பெயின்ட் அடித்துப் புது ஸ்டிக்கர் ஒட்டித் தருபவையும் உண்டு. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடையை எழுதிக்கொள்ள வேண்டும். காலி சிலிண்டரின் உள்பக்கத்தைக் காட்டச் சொல்ல வேண்டும், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாற்றினார்களா என்று கேட்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை), அதன் தேதி சிலிண்டரில் இருக்க வேண்டும். ஏ.பி.சி.க்குப் பதில் மலிவான பி.சி. பவுடரைப் போட்டிருந்தால், எண்ணெய்த் தீ அணையும், மரக் கங்கு அணையாது. ஒரு சிட்டிகைப் பவுடரில் வினிகர் விட்டுப் பார்த்தால் போதும். பொங்கி நுரைத்தால் அது சோடியம் பைகார்பனேட் சரக்கு. ஏ.பி.சி. அப்படிப் பொங்காது.

இத்தனை தொல்லையும் வேண்டாம் என்றால் அடிக்கிற நிலையே வராமல் பார்ப்பதுதான் வழி. பட்டறைகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது கைதுடைக்கும் பனியன் வேஸ்ட். ஆளிவிதை எண்ணெய், டங் ஆயில் இரண்டும் காற்றோடு வினைபுரிந்துதான் காய்கின்றன, அப்போது சூடு வெளிவரும். துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் சூடு வெளியேறாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் இல்லாத நேரத்தில் தானாகப் பற்றும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரியத் தொடங்கியது ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளில்தான். தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள். துணியை ஒற்றை மடிப்பாக வெளியே கொடியில் விரித்துக் காயப்போடலாம், அல்லது தண்ணீர் நிறைத்த மூடி போட்ட இரும்பு வாளியில் அமுக்கி வைக்கலாம். என்.சி. தின்னர் துணிக்குத் தானாகப் பற்றும் குணம் இல்லை, அதன் ஆவிக்குப் பொறி பட்டால்தான் ஆபத்து. அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து போகும். ஸ்ப்ரே அடித்த அன்றைக்குக் கீழ் ஜன்னலும் ஷட்டரும் திறந்திருக்க வேண்டும்.

கிரைண்டர், வெல்டிங் பொறிக்கு அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 51பி என்ற தீப் பாதுகாப்பு விதி சொல்லும் தூரம் 11 மீட்டர். அந்த வட்டத்துக்குள் எரியும் பொருளை எடுத்துவிட வேண்டும் அல்லது மூட வேண்டும். வேலை முடிந்ததும் காவல் இருக்கச் சொன்ன 30 நிமிஷத்தை 2019 பதிப்பில் 60 ஆக்கினார்கள். கார் ஷெட்டில் 11 மீட்டர் கிடைக்காது. ஆகவே வெல்டிங்கும் மரவேலையும் ஒரே நாளில் வேண்டாம் என்பது என் கட்சி. சுவிட்ச்போர்டில் லூஸ் கான்டாக்ட் சூட்டுக்கு எம்.சி.பி. விழாது என்பதையும் மறக்க வேண்டாம். பிளக்கைத் தொட்டுச் சூடு பார்ப்பதே பரிசோதனை. அலாரம் வைப்பதானால் புகை வகை மரத்தூளுக்கே கத்தும், வெப்ப வகை போடலாம். மே மாதத் தகரக் கூரைக்கு அடியில் 57 டிகிரி மாடல் சும்மா அடிக்கும், அங்கே 'கிளாஸ் பி' எனப்படும் 69 டிகிரிக்கு மேல் இயங்குவது பொருந்தும்.

இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள் பவுடரைத் துடைக்கும் முன் ஒவ்வொரு மெஷினையும் சீரியல் நம்பர் தெரியப் படமெடுத்து, கம்பெனிக்கு மெயில் போட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். சர்வேயர் வரும்வரை துரு காத்திருக்காது. 2021 ஏப்ரல் 1 முதல் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வீட்டுச் சாமான்களுக்கு, கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் என்று தானாகக் கவரேஜ் உண்டு. ஆனால் அது குடியிருப்புக்கான பாலிசி. ஷெட்டில் கூலிக்கு வேலை செய்கிறீர்கள் என்றால் முன்பே எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

மதிப்பெண்: அணைப்பதற்கு 5-க்கு 5. மொத்தத்தில் 2. இந்தக் கணக்கு சரியில்லை என்று தெரிந்தே போடுகிறேன். ஃபெல்ட் வைப்பர் விலையைக் கேட்டுப் பாருங்கள், புரியும். ஆனாலும் கழற்றப் போவதில்லை, 4 கிலோ ஷெட் வாசலில்தான் தொங்கும், வெல்டிங் பெஞ்ச் பக்கத்தில் இல்லை. லேத், சுவிட்ச்போர்டு பக்கம் முதல் கைக்கு 2 கிலோ சிஓ2. அதில் கேஜ் கிடையாது, உள்ளிருக்கும் வாயுவின் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ரீஃபில். அடிக்கும்போது குழல் வாயைப் பிடித்தால் கை உறைந்து ஒட்டிக்கொள்ளும், அடித்ததும் வெளியே வந்து கதவைத் திறந்துவிட வேண்டும். சீவல் மூலையில் ஒரு வாளித் தண்ணீர். நண்பருக்கு: 4 கிலோவே வாங்குங்கள், அதே பில்லில் ஒரு கிலோ சமையல் சோடாவும் ஒரு லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் சேர்த்து வாங்கி, ஷெட்டில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள்.