லே பேக்கேஜில் 'ஜிஸ்பா / சர்ச்சு' என்று போட்டிருந்தால் பணம் கட்டாதீர்கள்

மணாலியிலிருந்து சாலை வழியாக லடாக்கின் லே போகிறவர்கள், வவுச்சரில் முதல் ராத்திரி எங்கே தங்கல் என்று முதலில் பாருங்கள். "ஜிஸ்பா / சர்ச்சு" என்று வழியிலுள்ள இரண்டு இடங்களின் பெயருக்கு நடுவில் ஒரு சாய்கோடு இருக்கும். ஏமாற்று அந்தக் கோட்டில்தான் இருக்கிறது.

புக் பண்ணும்போது காட்டுவது ஜிஸ்பாவின் ஆற்றங்கரை ஹோட்டல் படம். கிளம்பிய அன்று ஜிஸ்பா வந்ததும், "இங்கே ரூம் ஃபுல், மேலே டென்ட் போட்டிருக்கு" என்று டிரைவர் சொல்லுவார். வண்டி இன்னும் 85 கிலோமீட்டர் ஏறிப் போய் சர்ச்சுவில் நிற்கும். சண்டை போட்டால் அதே வவுச்சரை நீட்டுவார்கள். சர்ச்சு என்றும் எழுதித்தானே இருக்கிறது!

ஏஜென்டின் கணக்கு எளிது. மணாலி–லே சுமார் 430 கி.மீ. சர்ச்சு ஏறக்குறைய பாதி வழி. அங்கே நிறுத்தினால் இரண்டே நாளில் லே சேர்த்துவிடலாம், கூடுதலாக ஒரு ராத்திரி வாடகை கொடுக்க வேண்டாம். உடம்புக்குத்தான் இந்தக் கணக்கு ஒத்துவராது. மணாலி 2,050 மீட்டர், ஜிஸ்பா 3,200, சர்ச்சு 4,290. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், படுக்கிற இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேறுகிறவர்களுக்கு மருத்துவர்கள் சொல்லும் அடிப்படை விதி. இங்கே ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏற்றிவிடுகிறார்கள். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் 60 சதவீதம் அளவுதான்.

இதைவிட மோசமான விஷயம் சர்ச்சு இருக்கும் அமைப்பு. மலைநோய்க்கு (உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல்) முதல் வைத்தியம் உடனே கீழே இறங்குவது. சர்ச்சுவிலிருந்து இறங்க வழியில்லை. மணாலி பக்கம் திரும்பினால் 4,890 மீட்டரில் பாராலாச்சா லா (லா என்றால் கணவாய்). லே பக்கம் போனால் காட்டா லூப்ஸின் 21 வளைவுகள் ஏறி, நக்கீ லா, அப்புறம் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. எந்தப் பக்கம் போனாலும் நோயாளியை முதலில் மேலே ஏற்றித்தான் கீழே கொண்டுவர முடியும். அதுவும் ராத்திரி என்றால் கணவாயில் ரோட்டில் தேங்கிய தண்ணீர் உறைந்து கிடக்கும், டிரைவர் வரமாட்டார். ஜிஸ்பா அப்படியில்லை, நடுராத்திரியிலும் சுமார் 20 கி.மீ. தள்ளி, அதைவிடத் தாழ்வாக இருக்கிற கேலாங் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம்.

"கேம்ப்பில் ஆக்சிஜன் இருக்கு சார்" என்பது அடுத்த பொய். பல இடங்களில் அது மெடிக்கல் ஷாப்பில் விற்கும் ஸ்ப்ரே கேன். 10 லிட்டர் என்று போட்டிருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் கொடுத்தால் ஐந்தே நிமிடம். சில இடங்களில் கரண்டில் ஓடும் மெஷின் வைத்திருப்பார்கள், ஆனால் ஜெனரேட்டரை பத்து, பத்தரைக்கு நிறுத்திவிடுவார்கள். தலைவலியும் வாந்தியும் முற்றுவது அதற்குப் பிறகுதான். உருப்படியானது பி டைப் சிலிண்டர்: நிறைந்திருந்தால் 1,500 லிட்டர், அதே வேகத்தில் 12 மணி நேரம் வரும். இருக்கிறது என்றால் கண்ணெதிரே திறந்து காட்டச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் பூட்டியிருக்கிறதா, அழுத்தம் காட்டும் முள் 150க்குப் பக்கத்தில் நிற்கிறதா, திறக்கிற சாவியும் மாஸ்க்கும் கூடவே இருக்கிறதா? சாவி தொலைந்த சிலிண்டர் வெறும் இரும்பு.

குளிருக்கு ரம், தூக்கத்துக்கு மாத்திரை என்று யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். இரண்டும் தூக்கத்தில் மூச்சை இன்னும் மந்தமாக்கும். மலைநோயைத் தடுக்கும் டயாமாக்ஸ் மாத்திரையை, டாக்டரிடம் கேட்டு, கிளம்புவதற்கு முதல் நாளே ஆரம்பிக்கலாம் (வழக்கமாக 125 மி.கி., இரண்டு வேளை; சல்ஃபா அலர்ஜி இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்). அதைப் போட்டுக்கொண்டால் சர்ச்சுவில் படுக்கலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்ப வேண்டாம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா, இருமலில் நுரை வருகிறதா, ஒரு காலின் விரல் நுனியில் மறு காலின் குதிகாலை ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறாரா? விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சர்ச்சுவில் ராணுவ முகாம் இருக்கிறது, நேரே போய் உதவி கேளுங்கள்.

சரியான பயணம் இப்படி: ஜிஸ்பா அல்லது கேலாங்கில் இரண்டு ராத்திரி, மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி ஒரே மூச்சில் லே. மதியத்துக்குள் ஓடைகளைக் கடந்துவிட்டால் நல்லது, வெயிலேற ஏற பனி உருகித் தண்ணீர் பெருகும். இல்லையென்றால் ஸ்ரீநகர், கார்கில் வழியாக லே போய் நாலைந்து நாள் பழகிவிட்டு, திரும்பும்போது இந்தச் சாலையில் வாருங்கள். அப்போது சர்ச்சுவில் ஒரு ராத்திரி பெரும்பாலோருக்குத் தாங்கும்.

அட்வான்ஸ் போடும் முன் ஹோட்டல் பெயரோடு "முதல் இரவு ஜிஸ்பா மட்டும், மாற்றினால் முழுப் பணமும் திரும்பும்" என்று வாட்ஸாப்பில் எழுதி வாங்குங்கள். ஹோட்டலுக்கு நீங்களே போன் பண்ணி உங்கள் பெயரில் ரூம் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியும் வழியில் "ஃபுல்" என்றால் பெட்டியை இறக்கிவிட்டு, பக்கத்தில் எது கிடைக்கிறதோ அதில் சொந்தக் காசில் ரூம் போட்டு, பில்லை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்டிடம் பேச வேண்டியதை ஜிஸ்பாவிலேயே நின்று பேசி முடியுங்கள். ஜிஸ்பாவுக்கு அடுத்த ஊரான தார்ச்சா தாண்டினால் போனில் சிக்னலை நம்ப முடியாது.