டீசல் எஞ்சினின் காற்றுப் பாதையில் கரியும் எண்ணெயும்: பன்னிரண்டு ஆண்டு அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்கு உரம், களைக்கொல்லி, நீர் இறைக்கும் இயந்திரங்களின் உதிரிப்பாகங்கள் ஆகியவற்றை ஏற்றிச் செல்வதற்காக, 2013ஆம் ஆண்டில் 2.5 லிட்டர் காமன் ரெயில் டர்போ டீசல் பிக்-அப் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். இன்று அது 226,000 கிலோமீட்டரைக் கடந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளில் கிளட்ச், சஸ்பென்ஷன், ரேடியேட்டர் என்று மாற்றாத பாகம் குறைவு. ஆனாலும் என்னை அதிகம் அலைக்கழித்தது, எஞ்சினுக்குள் காற்று போகும் பாதையில் படிந்த கரியும் எண்ணெயும்தான். தோட்டப்புறத்தில் டீசல் வண்டி வைத்திருக்கும் பலரும் இதே தொல்லையில் பணத்தை இழப்பதைப் பார்க்கிறேன். அதனால் நான் செய்த தவறுகளையும் பலன் தந்தவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

2018ஆம் ஆண்டின் கடைசியில்தான் முதல் அறிகுறி தெரிந்தது. கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறி ஈப்போவுக்கு வரும்போது, மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் வரும் மேட்டில், அதுவரை நான்காவது கியரிலேயே ஏறிக்கொண்டிருந்த வண்டி மூன்றாவதைக் கேட்கத் தொடங்கியது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் பின்னால் கரும்புகை வந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் ஒரு சீராக நிற்காமல் நடுங்கியது. லிட்டருக்கு 11.5 கிலோமீட்டர் ஓடிய வண்டி 10 கிலோமீட்டருக்கு இறங்கியது. பட்டணத்தில் நான் வழக்கமாகப் போகும் பட்டறையில் காற்று வடிகட்டியையும் டீசல் வடிகட்டியையும் மாற்றினார்கள். அதற்கும் சரியாகாததால், டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி நாலாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கணக்குக் கொடுத்தார்கள். நல்ல வேளையாக, அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் இன்னோர் இடத்தில் காட்டினேன்.

அங்கிருந்த இளைஞர் முதலில் ஸ்பேனரைத் தொடவில்லை. கணினிக் கருவியைச் செருகி, எஞ்சின் ஓடும்போதே எண்களைப் பார்த்தார். இன்ஜெக்டர்களின் அளவுகள் சரியாக இருந்தன. ஆனால் புகையை உள்ளே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வை முழுவதும் மூடு என்று எஞ்சின் கணினி ஆணையிட்ட பிறகும், அந்த வால்வு 12 விழுக்காடு திறந்தே நின்றது. "அண்ணே, மேடு ஏறுறப்பவும் புகை உள்ளே திரும்பிப் போகுது. நல்ல காத்துக்கு இடமே இல்லை," என்றார் அவர். மூடாத வால்வைப் பார்த்ததும் வழக்கு தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். ஆனால் அது பாதிக் கதைதான்.

இ.ஜி.ஆர். என்பது, எஞ்சின் வெளியே தள்ளும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செல்லும் காற்றோடு கலக்கும் அமைப்பு. அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதால் சிலிண்டருக்குள் எரியும் வெப்பம் தணிகிறது; வெப்பம் தணிந்தால், காற்றில் 78 விழுக்காடாக இருக்கும் நைட்ரஜன் எரிந்து நச்சு வாயுவாக மாறுவதும் குறைகிறது. நோக்கம் நல்லதுதான். ஆனால் புகையோடு கரித்துகளும் உள்ளே வந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து எண்ணெய் ஆவியைச் சுமந்துகொண்டு ஒரு ரப்பர் குழாய் வழியாக, காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவுக்கு முன்னால் வந்து சேர்கிறது. டர்போவைக் கடந்து, அழுத்திய காற்றின் சூட்டைத் தணிக்கும் இன்டர்கூலரில் குளிர்ந்ததும் அந்த ஆவி எண்ணெயாகக் குழாய்ச் சுவரில் படிகிறது. டீசல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், இந்தப் பாதையைக் கழுவிவிட எரிபொருளும் அந்தப் பக்கம் வருவதில்லை.

இதைப் புத்தக விளக்கமாகத் தெரிந்துவைத்திருந்தாலும், 112,000 கிலோமீட்டரில், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிபோல்டைக் கழற்றிக் கண்ணால் பார்த்த நாளில்தான் எனக்கு முழுமையாக விளங்கியது. இ.ஜி.ஆர். குழாய்க்குள் விரலை விட்டால் வந்தது உலர்ந்த கரிப்பொடி, ஊதினால் பறந்துவிடும். இன்டர்கூலரிலிருந்து வரும் குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு மட்டும். துணியால் துடைத்தால் உலோகம் பளபளத்தது. இரண்டும் சந்திக்கும் வாயிலிருந்துதான் தார் தொடங்கியது. அடுப்பில் மறந்துவிட்ட வெல்லப்பாகு சட்டியின் அடியில் தீய்ந்து பிடிப்பதைப் போல, மேலே பசையாகவும் அடியில் கல்லாகவும் அது ஒட்டியிருந்தது. 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள வாயில், சுற்றிலும் 8 மில்லிமீட்டர் கனத்துக்குப் படிவு; மீந்திருந்த துளை 34 மில்லிமீட்டர்தான். பரப்பளவைக் கணக்கிட்டால், காற்று போக இருந்த இடம் பாதிக்கும் குறைவாக, 46 விழுக்காடாகச் சுருங்கியிருந்தது. சுரண்டி எடுத்ததைப் போட்டு வைத்த பழைய மைலோ டின் அரைவாசி நிறைந்தது. கரி தனியாக வந்தால் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். அதைப் பிடித்து நிறுத்தும் பசை எண்ணெய்தான் என்பதை அந்த மூன்று இடங்களும் எனக்கு நேராகவே காட்டின. அன்றிலிருந்து கரியை நீக்குவதைவிட எண்ணெயைத் தடுப்பதிலேயே என் கவனம் திரும்பியது.

மேனிபோல்டைக் கழற்றும் முன் நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். ஈப்போவில் விற்கும் கரி நீக்கும் தெளிப்பானை வாங்கி, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றுக் குழாய்க்குள் அடித்தேன். இரண்டு வாரம் வண்டி தெளிவாக ஓடியது. பிறகு பழையபடி ஆகிவிட்டது. மெல்லிய பூச்சுக்கு அது உதவலாம். 8 மில்லிமீட்டர் தாருக்கு அது போதாது என்பது மட்டுமல்ல, ஆபத்தும் உண்டு: பெயர்ந்த கட்டி வால்வில் சிக்கலாம், எரியும் தன்மையுள்ள திரவத்தை அளவுக்கு மீறி அடித்தால், டீசல் எஞ்சின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுப்பாடின்றிச் சுழலவும் கூடும். அந்த வேலையை நான் மறுபடி செய்யவில்லை.

நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டினால் கரி எரிந்துவிடும் என்று நம் ஊரில் பரவலாகச் சொல்கிறார்கள். கரி தானாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். புகைபோக்கிப் பக்கத்தில் அந்த வெப்பத்தை எட்ட முடியும். இன்டேக் பக்கத்தில் ஒருபோதும் முடியாது. விரட்டி ஓட்டுவது புதிய படிவைக் குறைக்கும் என்பது உண்மை. படிந்துவிட்ட தாரை அது அசைக்காது.

சுத்தம் செய்யும் வேலை இரண்டு நாள் எடுத்தது. பட்டறையில் உதவியாளராக இருந்த ஒருவர், மேனிபோல்டைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கலாம் என்று வாளியையே எடுத்துவிட்டார். மேனிபோல்ட் அலுமினியம், காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும், எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் அதிலிருந்து கிளம்பும். இரும்புப் பாகங்களுக்கு ஏற்ற வழியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. நாங்கள் ஓர் இரவு டீசலில் ஊறவைத்து, மரக்கட்டையைச் சீவிச் செய்த சுரண்டியால் எடுத்து, எண்ணெய் நீக்கும் திரவத்தால் கழுவினோம். சிலிண்டர் ஹெட்டின் துளைகளைச் சுரண்டும்போது, பிஸ்டன்களோடு இணைந்த தண்டான கிராங்கைக் கையால் சுழற்றி அந்தந்தச் சிலிண்டரின் வால்வுகள் மூடியிருப்பதை உறுதி செய்த பிறகே கை வைத்தார் அந்த இளைஞர். விழுந்த துகள்களை வேக்குவம் கொண்டு உறிஞ்சி எடுத்தார். அந்தப் பொறுமைக்காகவே இன்றுவரை வண்டியை அவரிடமே விடுகிறேன். காற்றழுத்த சென்சாரின் முனையும் கரியால் அடைத்திருந்தது. அதைத் துடைக்காமல் விட்டிருந்தால் டர்போ அழுத்தத்தைக் கணினி தவறாகவே படித்துக்கொண்டிருந்திருக்கும். இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகள் எல்லாம் புதியவை. கூலியும் பொருள்களும் சேர்ந்து 620 வெள்ளி ஆனது.

மறுவாரமே மெனோரா மேட்டில் வண்டி நான்காவது கியரில் ஏறியது. ஆனால் தடுப்பு இல்லாமல் விட்டால் இன்னும் ஐந்தாறு ஆண்டில் இதே வேலை திரும்ப வரும் என்பதால், எண்ணெய் ஆவியைப் பிரித்துத் தேக்கும் கேட்ச் கேன் ஒன்றைப் பொருத்தினேன். உள்ளே வடிகட்டியுள்ள வகை. பொருத்தும் செலவோடு 350 வெள்ளி. ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் அடித்திருகைத் திறந்து வடித்தால், 40 முதல் 60 மில்லிலிட்டர் வரை கறுத்த எண்ணெய் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அது பால் கலந்த கோப்பி நிறத்தில், நீரும் எண்ணெயுமாகக் கலந்து வரும். அதைக் கண்டு ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை, ரேடியேட்டர் நீர் குறையாமல் இருந்தால் அது வெறும் ஈரப்பதம்தான். வடிக்க மறந்தால் மட்டும் நிலைமை கெடும்: கேன் நிரம்பினாலோ வடிகட்டி அடைத்தாலோ, எஞ்சினின் அடிப்பகுதியில் அழுத்தம் ஏறி சீல்கள் வழியாக எண்ணெய் கசியத் தொடங்கும். பொருத்திவிட்டு மறந்துபோகிறவர்கள் இதைப் பொருத்தாமல் இருப்பதே நல்லது.

பழக்கங்களில் மூன்றை மாற்றினேன். எஞ்சின் எண்ணெயை மேல் கோட்டுக்கும் மேலே ஊற்றி வைப்பது பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். அது ஆவியைத்தான் கூட்டும். இப்போது இரு கோடுகளுக்கும் நடுவே நிறுத்துகிறேன். தோட்டத்துச் செம்மண் சாலையின் புழுதியில் காற்று வடிகட்டி விரைவில் அடைத்துவிடும். அடைத்த வடிகட்டிக்குப் பின்னால் டர்போ வலுவாக உறிஞ்சும்போது எண்ணெய் ஆவியும் கூடுதலாக இழுபடும் என்பதால், மாதம் ஒருமுறை கழற்றிப் பார்க்கிறேன். மூன்றாவது, உர மூட்டைகளை இறக்கும் முக்கால் மணி நேரமும் எஞ்சினை ஓடவிட்டுக் குளிர்சாதனத்தில் உட்கார்ந்திருப்பதை நிறுத்திவிட்டேன். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் முகத்துக்கு நேராக என் வண்டியின் புகை போய்க்கொண்டிருந்தது என்பது, அணைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்தக் காரணத்தினாலேயே இ.ஜி.ஆர். வழியைத் தகடு வைத்து அடைக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை. செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் நண்பர்கள் சிலர் அப்படிச் செய்திருக்கிறார்கள். கரி வரவு அதோடு நின்றுவிடுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எந்த நச்சு வாயுவைக் குறைக்க அந்த அமைப்பு வந்ததோ அது முழு அளவில் வெளியேறுகிறது. பல வண்டிகளில் எச்சரிக்கை விளக்கும் எரிந்துகொண்டே இருக்கும், பிறகு உண்மையான பழுது வந்தாலும் அந்த விளக்கை யாரும் பார்க்கமாட்டார்கள்.

எரிபொருளைப் பற்றியும் ஒரு சொல். டீசலில் செம்பனை எண்ணெய் கலப்பதால்தான் கரி பிடிக்கிறது என்று இங்கே பலர் பழி போடுகிறார்கள். செம்பனையிலிருந்து செய்யப்படும் பயோடீசலில் ஆக்சிஜன் சேர்ந்திருப்பதால், அது பொதுவாகக் கரியைக் குறைவாகவே உண்டாக்கும். டீசல் வடிகட்டியைச் சற்று முன்னதாக மாற்ற வேண்டி வரலாம். இன்டேக் படிவுக்கு அதைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

2023ஆம் ஆண்டில், 190,000 கிலோமீட்டரில், குறை எதுவும் இல்லாதபோதே மேனிபோல்டைக் கழற்றிப் பார்த்தேன். 78,000 கிலோமீட்டருக்குப் பின் படிவு ஒன்றரை மில்லிமீட்டர். பசை இல்லை, விரல் நகத்தால் கீறினால் பொடியாக உதிர்ந்தது. ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டால், படியும் வேகம் முன்பிருந்ததில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். இந்தப் பெருமை முழுவதையும் கேட்ச் கேனுக்கு நான் கொடுக்கமாட்டேன். எஞ்சினை அணைத்து வைக்கும் பழக்கம் ஒரு பக்கம். 2021 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் யூரோ 5 டீசல் வந்து, கந்தகத்தின் அளவு 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) என்ற பழைய வரம்பிலிருந்து 10 பிபிஎம்முக்கு இறங்கியது இன்னொரு பக்கம். ஆனால் படிவில் பசை இல்லாமல் போனதற்கு எண்ணெய் தடைபட்டதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியபோது, லிட்டருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் கூடுதலாக ஓடுவது மாதக் கணக்கில் நன்றாகவே தெரிந்தது. அந்த வாரத்திலேயே பக்கத்துத் தோட்டத்தின் முன்னாள் கங்காணி ஒருவர், பழைய பிக்-அப் ஒன்றை விலை பேசும் முன் என்னை உடன் அழைத்துப் போனார். இன்டர்கூலர் குழாயின் கிளிப்பைத் தளர்த்தி உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். பூச்சாக இல்லாமல் எண்ணெய் குளமாகத் தேங்கியிருந்தது. டர்போ சீலோ பிஸ்டன் வளையமோ தேய்ந்த வண்டி அது. கேட்ச் கேன் போட்டு அதைக் காப்பாற்ற முடியாது என்று சொன்னேன். அவரும் வாங்கவில்லை.

என் வண்டியை அடுத்து 260,000 கிலோமீட்டரில் திறக்க எண்ணியிருக்கிறேன். போன வாரம் வடித்தபோது 70 மில்லிலிட்டர் வந்தது. இதுவரை வந்ததில் அதுவே அதிகம். வளையங்கள் தேயத் தொடங்கிவிட்டனவா என்று பார்க்க, சிலிண்டர் அழுத்தச் சோதனைக்கு நாள் சொல்லி வைத்திருக்கிறேன்.