ஒரே ஸ்லாப், ஐந்து வழி: பச்சைப் பலகையைக் காய வைத்து விற்பதில் எது கட்டுப்படியாகும்?

அறுவை மிஷினில் இருந்து இறங்கும் பச்சை ஸ்லாபைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் பாரம் மறக்காது. 8 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குலத் தடிமன் உள்ள ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். ஓரளவு அடர்த்தியான மரம் என்றால், மரம் மட்டும் சுமார் 45 கிலோ. பச்சையில் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் அதற்குள் 36 கிலோ தண்ணீர். (ஈரப்பதத்தை முழுக்கக் காய்ந்த மரத்தின் எடையை அடிப்படையாக வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அதனால் சில மரங்களில் 100 சதவீதத்தையும் தாண்டும். ஈரப்பதம் காட்டும் மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.) இது வீட்டுக்குள் மேசையாக நிற்க வேண்டுமானால் ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு இறங்கியாக வேண்டும். ஆக, பலகைக்கு 32 லிட்டர் தண்ணீரை, மரம் வெடிக்காமல், கோணாமல் வெளியே எடுப்பதுதான் தொழில். அறுப்பது அதில் சின்ன வேலை.

இந்த ஒரே பலகையை ஒவ்வொரு வழியிலும் அனுப்பிப் பார்ப்போம்.

முதல் வழி, காய வைக்கவே வைக்காமல் பச்சையாக விற்பது. காசு உடனே கைக்கு வரும், இடமும் அடைபடாது. ஆனால் வாங்குபவர் தானே காய வைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். தெரியாதவரிடம் விற்றால் ஆறு மாதத்தில் பலகை கிண்ணம் போல வளைந்து நிற்கும், பழி நம் மேல் விழும். பச்சையில் விற்றால் பலகையின் மேலேயே சாக்பீஸால் "பச்சை" என்று எழுதிவிடுங்கள், பில்லிலும் எழுதுங்கள். தள்ளுபடி கேட்டால் கொடுங்கள். பின்னால் வரும் சண்டையைவிட அது மலிவு.

இரண்டாவது, திறந்தவெளிக் கொட்டகையில் காற்றில் காய வைப்பது. இதைச் சோம்பேறி வழி என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் லாபமும் நஷ்டமும் முடிவாவது இங்கேதான், அதுவும் முதல் சில வாரங்களில்.

மரத்தின் நார்ச் சுவர்கள் சுருங்கத் தொடங்குவது ஈரப்பதம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போகும்போது. உள்ளே 70 இருக்கும்போதே மேல்தோல் 25-க்கு வந்துவிடும். தோல் சுருங்கப் பார்க்கும், உள்ளே ஊறிக்கிடக்கும் மரம் விடாது. தோல் பிளக்கும். வெயிலில் போட்ட பலகையில் ஒரே வாரத்தில் மயிரிழைக் கோடுகள் ஓடுவது இதனால்தான். பிறகு எத்தனை லட்சத்துக்கு மிஷின் வாங்கினாலும் அந்தக் கோடுகள் மறையாது. முனைகளில் இன்னும் மோசம். வெட்டுமுகம் வழியாகத் தண்ணீர், பலகையின் பரப்பைவிட 10 முதல் 15 மடங்கு வேகத்தில் ஓடும். அறுத்த அன்றே மெழுகுக் குழம்பைத் தடிமனாகப் பூச வேண்டும். நாளை பூசலாம் என்று விட்டால் நாளைக்கே முனையில் விரிசல் தெரியும்.

அடுக்குவதிலும் சோம்பல் கூடாது. தரையில் இருந்து ஒரு அடி உயரத்தில் சமமான அடித்தளம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் முக்கால் அங்குல ரீப்பர், எல்லாம் ஒரே தடிமன், எல்லாம் காய்ந்தது. பச்சை ரீப்பர் வைத்தால் பலகையில் கறுப்புப் பட்டை விழும். ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மேலிருந்து கீழ்வரை நூல் பிடித்த மாதிரி ஒரே நேர்க்கோட்டில். ஒரு ரீப்பர் நகர்ந்திருந்தால், அந்த இடத்தில் பலகை தொய்ந்து அப்படியே காய்ந்துவிடும். அரை அங்குலம் வளைந்த 2 அங்குலப் பலகையைச் சமப்படுத்தி முடித்தால் கையில் மிஞ்சுவது ஒன்றரை அங்குலம். மேலே கான்கிரீட் பாளங்களை ஏற்றி வைப்பது இதற்காகத்தான்.

காற்று வழியின் குறை, நேரமும் எல்லையும். "அங்குலத்துக்கு ஒரு வருஷம்" என்ற சொலவடை பாதிதான் சரி. தடிமன் இரண்டு மடங்கானால் காலம் மூன்று, நான்கு மடங்காகும். 2 அங்குல ஓக் இரண்டு வருடமும் அதற்கு மேலும் கேட்கும். அப்படிக் காத்திருந்தாலும் சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்குக் கீழே மரம் இறங்காது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் மரம் 12-இல் நிற்கும், 80 என்றால் 16-இல் நின்றுவிடும். கொட்டகையில் காய்ந்த பலகை, ஏசி ஓடும் அறைக்குப் போனதும் மறுபடி சுருங்கத் தொடங்கும். உளு வண்டும் சாகாது. வெளிறுப் பகுதியில் முட்டை இருந்தால், விற்ற மேசைக்கு அடியில் ஒரு வருடம் கழித்து மாவு கொட்டும்.

மூன்றாவது, சூரிய உலர்த்தி. சரிவான கண்ணாடி அல்லது பாலிகார்பனேட் கூரை, உள்ளே கறுப்புத் தகடு, இரண்டு மின்விசிறி, அவ்வளவுதான். எனக்கு இதன் மேல் தனிப் பிரியம். பகலில் சூடேறிக் காய்கிறது, இரவில் குளிர்ந்து உள்ளே ஈரம் ஏறுகிறது. இறுகிய தோல் தளர்ந்து கொடுக்கிறது. பெரிய உலர்த்தும் அறைகளில் கடைசியில் நீராவி விட்டு எடுக்கும் இறுக்கத்தை இது தினமும் ராத்திரி சும்மாவே எடுத்துவிடுகிறது. ஆனால் மழைக்காலத்தில் படுத்துவிடும். பதினைந்து தேதிக்குள் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்க இதை நம்ப முடியாது. வண்டைக் கொல்லும் சூடு வருவதும் உறுதியில்லை.

நான்காவது, டீஹியூமிடிஃபையர் அறை. நன்றாகக் காப்பிட்ட பெட்டி, ஈரத்தைக் குளிர்வித்து வாளியில் இறக்கும் மிஷின். 32 லிட்டர் தண்ணீரை ஆவியாக்க மட்டும் கணக்குப்படி 20 யூனிட் வெப்பம் வேண்டும். இந்த மிஷின் அந்த ஆவியைத் திரும்பத் தண்ணீராக்கும்போது வெளிவரும் வெப்பத்தை அறைக்கே கொடுத்துவிடுவதால் கரண்ட் குறையும். தினமும் வாளியை அளந்தால் மரம் எவ்வளவு காய்கிறது என்று கண்ணாலேயே தெரியும். தனியாக ஒரு ஹீட்டரும் வைக்க வேண்டும். பலகையின் நடுப்பகுதி 56 டிகிரியை எட்டி அரை மணி நேரம் நின்றால்தான் பூச்சி பற்றிய கவலை தீரும்.

ஐந்தாவது, வேக்குவம். மூடிய அறைக்குள் காற்றை உறிஞ்சி அழுத்தத்தை இருபதில் ஒரு பங்காக இறக்கினால் தண்ணீர் சுமார் 33 டிகிரியிலேயே கொதிக்கும். மாதக்கணக்கில் ஆவதை இது சில வாரங்களுக்குள் முடித்துவிடும். சூடான தட்டுகளுக்கு இடையில் அழுத்திக் காய வைக்கும் வகையில் பலகை வளையவும் இடமில்லை. மரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, விலையில்தான் எல்லாம். மாதம் முழுக்க அதை நிரப்ப மரம் இல்லாதவர் வாங்கினால், மிஷினுக்குத் தீனி போடுவதே வேலையாகிவிடும். கூலிக்கு ஓட்டித் தருபவர் அருகில் இருந்தால் அதுதான் புத்திசாலித்தனம்.

சரி, எது? பழைய கணக்குக்கு வருவோம். நம் பலகை கொட்டகையிலேயே 22 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால், 36 லிட்டரில் 26 லிட்டரைக் காற்று இலவசமாக எடுத்துவிட்டது. டீஹியூமிடிஃபையர் அறையில் மிஷின் எடுக்க வேண்டியது ஐந்தரை லிட்டர்தான். மேல் விரிசல் ஆபத்தும் பெரும்பாலும் தாண்டிவிட்டது. மூன்று, நான்கு வாரத்தில் அறை அடுத்த லோடுக்குக் காலி. பச்சையை நேராக அறைக்குள் போட்டால் அதே அறை மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும். அதனால் சின்னத் தொழிலுக்கு என் ஓட்டு, பெரிய கொட்டகையும் சின்ன அறையும். அறை கட்டப் பணம் இல்லாத முதல் வருடம், கடைசிக் கட்டத்தை மட்டும் கூலிக்குக் கொடுங்கள்.

மரத்தைப் பொறுத்து இது கொஞ்சம் மாறும். ஓக் பொறுமை கேட்கும். காற்று அதிகம் பட்டால் வெடிக்கும், கொட்டகையின் பக்கவாட்டில் நிழல்வலை கட்ட வேண்டியிருக்கும். வெள்ளை மேப்பிள் நேர் எதிர். மெதுவாகக் காய்ந்தால் பூஞ்சை பிடித்துச் சாம்பல் நிறமாகிவிடும், அதை விசிறி வைத்து விரட்ட வேண்டும். தேக்கு தொந்தரவு தராது, நேரம்தான் கேட்கும்.

விற்கும்போது வருகிற பெரிய வம்பு மீட்டர். ஊசி மீட்டரை மேலே குத்தினால் 11 காட்டும். அதே பலகையை முனையில் இருந்து இரண்டு அடி தள்ளிக் குறுக்கே அறுத்து, புது வெட்டின் நடுவில் குத்திய அன்று 19 காட்டியது. வாடிக்கையாளரை அருகில் வைத்துக்கொண்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு லோடிலும் ஒரு பலகையைத் தியாகம் செய்கிறேன். நடுவில் இருந்து ஒரு துண்டு வெட்டி எடைபோட்டு, 103 டிகிரி அடுப்பில் எடை மாறாத வரை வைப்பது. 150 கிராம் துண்டு 120-இல் நின்றால் ஈரம் 25 சதவீதம். எந்த மீட்டரும் இதோடு வாதாட முடியாது.

ஒரு வகைப் பலகையை எந்த வழியிலும் அனுப்ப மாட்டேன்: வளையங்கள் சுற்றிவரும் நடுக்குருத்து அகலத்தின் மத்தியில் ஓடும் பலகை. வளையத்தோடு ஒட்டிய திசையில் மரம் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால், அது எங்கே காய்ந்தாலும் பிளக்கும். பச்சையிலேயே குருத்தை எடுத்துவிட்டு இரண்டு குறுகிய பலகையாக அறுத்து அடுக்கிவிடுகிறேன். பெரிய ஸ்லாபுக்கு வரும் விலை வராது, ஆனால் இரண்டும் முழுசாக வெளியே வரும்.