கை ஓங்கும் மாணவனுக்கு எது உதவும்: சிகாகோ வழியா, பீகார் வழியா?

வகுப்பில் அடிதடி என்றால் நம் பள்ளிகளுக்குத் தெரிந்தது அறிவுரை, அது எடுபடாவிட்டால் 'பெற்றோரைக் கூட்டி வா'. சோதித்துப் பார்த்த வழிகளை ஒப்பிட்டால் இதைவிட நன்றாகவே செய்யலாம்.

ஒன்றை முதலிலேயே தள்ளிவிடலாம். 'தலையணையைக் குத்து, கோபம் வடிந்துவிடும்' என்பது தவறு. சீண்டியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையை அடித்தவர்களுக்குக் கோபம் ஏறவே செய்தது என்று அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் காட்டினார். மூச்சுப் பயிற்சி அந்த நேரத்துப் படபடப்பைத் தணிக்கும், கேடில்லை.

உண்மையான போட்டி இரண்டுக்குள்தான்.

சிகாகோவின் 'பிகமிங் எ மேன்' திட்டம் பையன்களைத் தேர்ந்தெடுத்துச் சிறு குழுவாக உட்காரவைக்கிறது. ஒருவன் கையில் பந்து. அதை வாங்க இன்னொருவனுக்கு 30 விநாடி. பெரும்பாலும் விரலைப் பிரிப்பார்கள், கையை முறுக்குவார்கள், கட்டிப்புரள்வார்கள். முடிந்ததும் நடத்துபவர் கேட்பார்: "ஏன் யாரும் 'பந்தைக் கொடு' என்று கேட்கவில்லை?" கேட்டிருந்தால் தருவாயா என்றால், "தந்திருப்பேன், வெறும் பந்துதானே" என்று பதில் வரும். எதிராளியின் மனதை நாமாகவே முடிவுகட்டிவிடுவது அங்கே பிடிபடுகிறது. நூறு அறிவுரை செய்யாததை இது செய்கிறது. திட்டம் நடந்த காலத்தில், அதில் சேர்ந்த பையன்களின் வன்முறைக் குற்றக் கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. ஆனால் முதல் ஆய்வில், திட்டம் முடிந்த பின் கைதுகளில் கண்ட பலன் நிலைக்கவில்லை.

பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்த 'சேஹர்' திட்டம் பையன்களைப் பொறுக்கி எடுக்கவில்லை. பள்ளியின் சூழலையே மாற்றப் பார்த்தது. சுவர் இதழ், பெயர் சொல்லாமல் குறை எழுதிப் போடும் பெட்டி, தனி ஆலோசனை. இதே வேலையைச் சில பள்ளிகளில் மனநல நிபுணராக இல்லாமல் பயிற்சி மட்டும் பெற்ற ஆலோசகரும், சிலவற்றில் ஆசிரியரும் செய்தார்கள். 2018இல் வெளியான முடிவில், ஆலோசகர் இருந்த பள்ளிகளில் சீண்டலும் வன்முறையும் குறைந்திருந்தன. ஆசிரியர் செய்த இடங்களில் பலன் இல்லை. ஆசிரியர்மேல் குறை சொல்ல மாட்டேன். பாடம் முடிக்கவே நேரமில்லாதவர் அவர். அதோடு, மார்க் போடுபவரிடம் எந்தப் பையன் மனம் திறப்பான்?

ஒன்றைத்தான் எடு என்றால் என் தேர்வு பீகார். நாலு பேர் பார்க்க 'கோபக்காரன்' குழுவில் உட்காரும் பையன் அந்தப் பெயரையே சுமப்பான். பந்துப் பயிற்சியை மட்டும் சிகாகோவிலிருந்து எடுத்து, ஒன்பதாம் வகுப்பு முழுவதற்கும் அந்த ஆலோசகரே நடத்தட்டும். அவருக்கான சம்பளத்தை முதலில் ஒதுக்க வேண்டும், பி.டி. மாஸ்டர் தலையில் கட்டினால் இது நடக்காது.